தாம்பரத்தின் பதினாறு கணினிகளும் பெரும்பாக்கத்து மூன்றாவது படியும்

ஜெர்மனியில் எனக்குச் சோறு போடுகிற வேலை என்னவென்று என் அம்மாவுக்கு விளக்க இதுவரை முடிந்ததில்லை. பெரிய கணினிகளில் ஓடுகிற கணக்குகளைச் சீக்கிரம் ஓடவைப்பது என்பேன். "ஏன், மெதுவா ஓடினா என்ன?" என்பாள். உடனே பேச்சை மாற்றிவிடுவேன். இந்த ஐப்பசியில் தாம்பரத்தில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தபிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

கூப்பிட்டவன் ஜெபராஜ். என்னோடு பொறியியல் படித்தவன். இப்போது கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியர். மழை எவ்வளவு பெய்யும் என்ற வானிலைத் தகவலை வாங்கி, தென்சென்னைப் புறநகரில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணிக்கும் நிரல் ஒன்றைப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறான். போன வருட மழை முடிந்ததும் தொலைபேசியில் அழைத்தான்.

"ஹேமா, எங்க ஃபோர்காஸ்ட் கரெக்ட்டா வந்துச்சு. என்ன, தண்ணி வந்து ஒரு மணி நேரம் கழிச்சு வந்துச்சு."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் வருகிறேன் என்று வாயை விட்டேன். வாயை விட்டால் ஜெபராஜ் விடமாட்டான்.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் என்னை மேற்குத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. நான் போகவேண்டியது கிழக்கு. நடுவில் தண்டவாளங்கள். ஓட்டுநரிடம் கேட்டேன். "தாம்பரம்னுதானே மேடம் போட்டீங்க? இதுவும் தாம்பரம்தான்," என்று நியாயம் சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டார். பிறந்தது குரோம்பேட்டை, வளர்ந்தது குரோம்பேட்டை, எனக்கு இது தேவைதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கினேன். கீழே கடற்கரை போகும் மின்சார ரயில் சொன்ன நிமிடத்தில் கிளம்பியது. ஜெர்மனியில் ரயில் நேரத்துக்கு வராது என்று இங்கே யாரிடம் சொன்னாலும் நான் ஏதோ பொறாமையில் பேசுவதாக நினைக்கிறார்கள். கிழக்குப் பக்கம் இறங்கியதும் ஒரு கையேந்தி பவனில் நின்றபடி நாலு இட்லி, ஒரு வடை. சாம்பாரை மூன்றாவது தடவை கேட்டபோது பரிமாறியவர், "குளிச்சிடாதீங்கக்கா," என்றார். பதினோரு மணிநேரப் பயணக் களைப்பு அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப் போனது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் கணினி அறைக்குள் நுழைய மூன்று கதவுகளில் அட்டையைக் காட்டவேண்டும். ஜெபராஜின் ஆய்வகத்தில் செருப்பைக் கழற்றினால் போதும். வெள்ளத்தைக் கணிக்கும் ஆய்வகம் தரைத்தளத்தில் இருந்ததை நான் சுட்டிக்காட்டினேன். "மேல்மாடி எம்.பி.ஏ.காரங்களுக்குக் குடுத்துட்டாங்க," என்றான். உள்ளே மேசைகளின் மேல் பதினாறு பழைய கணினிகள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எல்லாவற்றின் நெற்றியிலும் இன்னும் இருந்தன.

அவற்றுக்குப் பொறுப்பாளர் கோமதி. ஆய்வக உதவியாளர். என் வயதிருக்கும். எந்தக் கணினியின் விசிறி எப்போது முனகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "பதினொன்னு மட்டும் கொஞ்சம் பேஜார் மேடம், மத்ததெல்லாம் ஷோக்கா ஓடும்," என்று அறிமுகப்படுத்தினார்.

பிரச்சினையை அவர்கள் இருவரும் சொல்லக் கேட்டேன். வானிலைத் தகவல் நண்பகலுக்கு வருகிறது. பதினாறு கணினிகளும் சேர்ந்து கணக்குப் போட ஏழு மணிநேரம் ஆகிறது. விடை வரும்போது இருட்டிவிடும். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். லிஃப்ட் ஓடாது. கோமதியின் வீடு அங்கேதான், தரைத்தளம். அவருடைய கணவர் முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டியவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது.

"போன தபா கட்டில் மேல உக்காந்துகினே இருந்தாரு மேடம். தண்ணி பாயத் தொட்டுச்சு. நான் இங்க இந்த மிஷினு முன்னாடி நின்னுகினு கீறேன். அக்கம்பக்கத்துல போன் லைட் அடிச்சுத் தூக்கினாங்க, இருட்டுல ரெண்டு தபா கீழ போட்டுட்டாங்க." கோமதி குரலை ஏற்றாமல் சொன்னார். "மூணு மணிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா போதும் மேடம். வெளிச்சத்துலயே தூக்கிடலாம்."

ஆக, ஏழு மணிநேரம் மூன்று மணிநேரமாக வேண்டும். சனிக்கிழமை எனக்குத் திரும்பும் விமானம். அன்று இரவு சேலையூர் லாட்ஜில் கொசுவத்திப் புகைக்கு நடுவே படுத்துக்கொண்டு, முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை இயங்குதளத்தில் கைவைத்தேன். பதினாறு பேர் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேட்டியைச் சரிசெய்ய நின்றால் தேர் நிற்கும். மற்ற பதினைந்து பேரும் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கும் அப்படித்தான்; ஒவ்வொரு அடிக்கும் எல்லாரும் எல்லாருக்காகவும் நிற்பார்கள். இந்தக் கணினிகளோ கடையில் வாங்கியபோது இருந்த அத்தனை சாமான்களோடும் ஓடிக்கொண்டிருந்தன. இல்லாத அச்சுப்பொறியை ஒன்று தேடிக்கொண்டிருந்தது. இன்னொன்று புளூடூத் ஹெட்போனுக்குக் காத்திருந்தது. நாலாம் எண் தினமும் பகல் இரண்டு மணிக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விடும், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் குமாஸ்தா மாதிரி.

எல்லாவற்றையும் வெளியே எறிந்தேன். திரை வேண்டாம், ஒலி வேண்டாம், படம் வேண்டாம். மெலிந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை முதல் கணினியில் மட்டும் வைத்து, மற்ற பதினைந்தும் காலையில் அதிலிருந்து ஒரே பிரதியை வாங்கிக்கொள்ளும்படி செய்தேன். கணக்கைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. திரைகள் கறுப்பாகிவிட்டதைப் பார்த்துக் கோமதி கலவரப்பட்டார். "உயிரு கீதா மேடம்?" என்று ஒரு கணினியின் முதுகில் கைவைத்துச் சூடு பார்த்தார்.

ஏழு மணிநேரம் ஐந்தே கால் ஆனது. ஜெபராஜ் எனக்கு முட்டைக் கொத்து பரோட்டா வாங்கிக் கொடுத்தான். பக்கத்து மேசையில் ஒருவர் தொலைபேசியில், "மழை வரும்னு ஒருத்தன் சொல்றான், வராதுன்னு ஒருத்தன் சொல்றான். நான் துணி காயப் போட்டுட்டேன், இனிமே அது வரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபராஜ் பரோட்டாவைப் பார்த்தபடியே, "இவர்தான் எங்க காம்பெடிஷன்," என்றான்.

புதன்கிழமை கம்பைலரை மாற்றத் தொடங்கினேன். மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். ஜெபராஜ் வைத்திருந்தது மிகப் பழையது. இந்தக் கணினிகளால் ஒரே சமயத்தில் எட்டு எண்களைக் கூட்ட முடியும் என்பதே அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. புதியதை நிறுவி, மூட்டை மூட்டையாகத் துணை நிரல்களைக் கட்டி எழுப்ப அரைநாள் ஆகும். அதுவரை சும்மா உட்கார விடாமல் ஜெபராஜ் என்னைத் தன் வண்டியில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளம் எட்டாமல் கணினிகளைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வைக்க இரும்புத் தாங்கி செய்யக் கொடுத்திருந்தானாம்.

வெளிவட்டச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது வண்டி பஞ்சர். வெயிலில் ஒரு கிலோமீட்டர் தள்ளினோம். ஜெர்மனியில் இப்படி நடந்தால் ஒரு எண்ணுக்கு அழைத்துவிட்டு நாற்பது நிமிடம் நிற்கவேண்டும். இங்கே யாரையும் அழைக்காமலே மூன்று பேர் வந்து மூன்று விதமாக வழி சொன்னார்கள். அதில் ஒருவர் சொன்ன வழி சரி.

பட்டறை உரிமையாளர் தாங்கியைத் தட்டிக் காட்டினார். நல்ல வேலை, பிசிறில்லாத வெல்டிங். எதற்கு என்று கேட்டார். ஒருவித சூப்பர் கம்ப்யூட்டருக்கு என்று ஜெபராஜ் பெருமையாகச் சொன்னான்.

"அப்படியா சார்? நான் பானிபூரி வண்டிக்குன்னு நினைச்சு அடியில சக்கரம் வெச்சுட்டேனே," என்றார்.

சக்கரத்தோடே வாங்கிக்கொண்டோம்.

வியாழக்கிழமை என் வெற்றித் திருநாள். ஒன்பது மணிக்குப் போன வருட மழையையே எடுத்துச் சோதனையாக ஓட்டினேன். புதிய கம்பைலர், அதில் வேகத்துக்கென்றே நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய ஓர் அமைப்பு. பதினொன்றரைக்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். என் தொழிலில் சரிபார்க்கும் முறைப்படி, ஊரெல்லாம் நிற்கும் மொத்தத் தண்ணீரைப் பழைய விடையோடு ஒப்பிட்டேன். நாலு இலக்கம் வரை அச்சு அசலாகப் பொருந்தியது. ஜெபராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் பிரியாணி சொல்லி அனுப்பினான்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தபோது, கோமதி திரையில் இருந்த வரைபடத்தின் முன் குனிந்து நின்றிருந்தார்.

"மேடம், இது போன வருச மழதானே?"

"ஆமா."

"நம்ம பிளாக்குல தண்ணியே காட்டலியே. மாடிப்படில மூணாவது படி வரிக்கும் வந்துச்சு மேடம். நான் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஐரோப்பாவில் பெரிய பெரிய கணினிகளுக்கெல்லாம் வேகம் ஏற்றியவள் நான் என்ற நினைப்பு. மொத்தத் தண்ணீர் சரியாகப் பொருந்துகிறது, ஓரிடத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். சொன்ன தொனியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கோமதி மரியாதையாகவே கேட்டார். "மொத்தம் சரியா கீதுன்னா, எங்க வூட்டுக்கு வந்த தண்ணி இப்ப எங்க மேடம் கீது?"

ஜெபராஜ் பழைய வரைபடத்தைத் திறந்தான். ஏழு மணிநேரம் எடுத்துக்கொண்ட அந்தக் கிழட்டுக் கணக்கில், கோமதியின் கட்டடத்தின் மேல் ஐம்பது சென்டிமீட்டர் என்று இருந்தது. மூன்று படி. என்னுடைய வேகமான கணக்கில் அங்கே பூஜ்யம். தண்ணீர் முழுவதும் மேடவாக்கம் சாலைக்கு அந்தப் பக்கமே தேங்கி நின்றது. மொத்தம் குறையவில்லை, இடம்தான் மாறியிருந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பிரியாணி தின்பது என் தொழில்காரர்களால் மட்டுமே முடிகிற தப்பு.

நானும் ஜெபராஜும் தேட ஆரம்பித்தோம். இதே கணக்கோடு மறுநாள் மழை வந்திருந்தால், கோமதிக்கு நான் "உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வராது" என்று மூன்று மணிக்கு முன்பாகவே சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்கு ஜெபராஜ் கண்டுபிடித்தான். சாலைகளுக்கு அடியே தண்ணீர் கடந்துபோகும் சிறுபாலங்கள் இருக்கின்றன. அவனுடைய மாணவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் அளந்தார்கள். சிலவற்றைப் புதரும் குப்பையும் மூடியிருந்ததால் அளக்க முடியவில்லை. அவற்றுக்கு அளவு எழுதும் இடத்தில், "இது எண் இல்லை" என்ற குறியைப் போட்டுவைத்தார்கள். நிரலில் ஒரு வரி அந்த இடத்தைப் பார்த்து, "இங்கே எண் இருக்கிறதா? இல்லாவிட்டால் சுமாரான ஒரு அளவை வைத்துக்கொள்" என்று சொல்லும்.

நான் தேர்ந்தெடுத்த வேகமான அமைப்பு கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்குறுதி என்ன தெரியுமா? "இந்த நிரலில் வருவதெல்லாம் எண்தான், சந்தேகமே வேண்டாம்." கம்பைலர் என் பேச்சை நம்பியது. எல்லாமே எண் என்றால் எண்ணா என்று கேட்பானேன் என்று அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டது. சுமாரான அளவுகூடக் கிடைக்காமல் அளக்காத சிறுபாலங்கள் எல்லாம் கணக்கில் அடைபட்டுப் போயின; தண்ணீர் சாலையைத் தாண்டவே இல்லை.

"உன் கம்பைலர் தப்பு பண்ணலை. நீதான் பொய் சொல்லியிருக்க," என்றான் ஜெபராஜ். பரீட்சையில் என் விடைத்தாளை எட்டிப் பார்த்து எழுதியவன் இவன்.

சிறுபாலங்களைப் பற்றிய அந்த ஒரு கோப்புக்கு மட்டும் வாக்குறுதியைத் திரும்பப் பெற்றேன். அதைக் கம்பைலர் பொறுமையாக, ஒரு கேள்வியும் விடாமல் மொழிபெயர்க்கட்டும். மற்றவை வேகமாகவே போகட்டும். மறுபடி ஓட்டினோம். கூடுதலாக ஆனது ஐந்தே நிமிடம். மாலை ஏழு மணிக்கு வரைபடம் வந்தபோது கோமதி வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார். கட்டடத்தின் மேல் விரல் வைத்தேன். நாற்பத்தொன்பது சென்டிமீட்டர்.

"இப்ப கரீட்டா கீது," என்றார். "நீங்க வுடாம பாத்தீங்க மேடம்."

"நீங்கதான் பாத்தீங்க கோமதி. நான் பாக்கலை," என்றேன்.

வெள்ளிக்கிழமை நிஜமாகவே மழை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்கு வானிலைத் தகவல் வந்தது. இரண்டு நாற்பதுக்கு விடை: பெரும்பாக்கத்தில் கோமதியின் கட்டடத்துக்கு மாலை ஆறரை வாக்கில் தண்ணீர் வரும். ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் வரை ஏறும். ஜெபராஜ் அந்தக் குடியிருப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நானும் கோமதியும் கிளம்பிவிட்டோம்.

ஆட்டோ மேடவாக்கத்தோடு நின்றுவிட்டது. "அதுக்கு மேல வண்டி வராது மேடம், என்ஜின்ல தண்ணி பூந்துடும்," என்றார் ஓட்டுநர். குடிதண்ணீர் கேன் ஏற்றிவந்த குட்டி யானை வேன் ஒன்றில் கைகாட்டி ஏறினோம். கேன்களுக்கு நடுவே குந்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு.

பெரும்பாக்கத்தில் தூறல்தான். தரையில் தண்ணீர் இல்லை. சிலர் நம்பிக் கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். "இன்னா கோமதி, தெரு காஞ்சி கெடக்குது, ஊரக் கூட்டிக்கினு கீற?" என்றார் ஒருவர். கோமதி நிற்கவில்லை. நாலு பேரைச் சேர்த்து, முருகேசனை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டாவது மாடியில் தெரிந்தவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல வெளிச்சம். படிக்கட்டில் யாருக்கும் கால் தடுக்கவில்லை. கட்டிலும் சாமான்களும் பின்னாலேயே ஏறின.

முருகேசனுக்குத்தான் கோபம். "சும்மா கெடந்தவனத் தூக்கியாந்து அடுத்தவங்க வூட்ல போட்டுட்டீங்க. எங்க தண்ணி? எத்தினி மணிக்கு வரும்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். ஆறரை என்றேன். "ஆறரையாம்," என்று சுவரிடம் சொன்னார். வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் டீயும் ரவை உப்புமாவும் கொடுத்தார். நான் ஜன்னல் வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கும் தெரு காய்ந்துதான் இருந்தது. ஆறு மணிக்கும். முருகேசன் இன்னும் இரண்டு தடவை கேட்டார். நேற்று தப்பாகச் சொன்ன கணக்கு இன்று சரியாகச் சொல்லும் என்று என்ன நிச்சயம் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. ஆறே காலுக்கு அவர் மாத்திரை போட்டுக்கொண்டு, சலித்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் நின்றது. படிக்கட்டுக்கு ஓடினேன். கீழே சத்தமில்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கோமதி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே. தண்ணீர் வந்ததற்காகச் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உடனே வெட்கமாகவும் இருந்தது, அது அவர் வீடு. திரும்பிப் பார்த்தேன். கோமதி பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தையும் பாயையும் தவிர உள்ளே எதுவும் இல்லை என்றார்.

மேலே வந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் முருகேசன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சாயந்திரம் முழுவதும் தண்ணீர் எங்கே என்று கேட்டவர் ஆயிற்றே.

"எழுப்பிச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம்?" என்று கோமதி அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டார். "தூங்கட்டும்."